ஸ்டெப்னி சாரும் இரண்டு சாவிகளும்

உலகத்தில் எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது இல்லாத பொருளுக்குச் சமம் என்று மனதார நம்பிய மனிதர், எனக்குத் தெரிந்து, பெங்களூரில் ஒருவர்தான். அந்த நம்பிக்கை அவருக்குப் பிறந்த நிமிஷத்தில் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன் என்பது என் ஜாதகக் கோளாறு.

லிங்கராஜபுரத்தில் ஒரு மொட்டை மாடி. மத்தியான வெயில். கொடியில் காயும் லுங்கிகளுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நாங்கள் இருவரும் வெறித்துக்கொண்டு நின்றோம். டப்பாவுக்குள் இருக்கும் கருவியில் பச்சை விளக்குகள் மினுக்க வேண்டும். மினுக்கவில்லை. அந்தத் தெருவில் எங்களிடம் இன்டர்நெட் வாங்கியிருந்த அத்தனை வீடுகளும், முனையிலிருந்த பாஷா பாயின் சைபர் கஃபேயும் சேர்ந்து செத்துக் கிடந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தோம். கொலை நடந்த இடம் கீழே, சமையலறை. வீட்டுக்கார லூர்து அக்கா எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிரைண்டர் பிளக்கைச் சொருகியிருந்தார்.

"அரை மணி நேரம் இன்டர்நெட்டு இல்லன்னா யாரும் சாவ மாட்டாங்கப்பா. காலைல இட்லி இல்லன்னாத்தான் எங்க வீட்டுல கொலை விழும்" என்றார் அக்கா, மாவைத் தள்ளியபடியே.

எங்கள் நெட்வொர்க் மேனேஜர் கையில் பாதி தின்ற மத்தூர் வடை இருந்தது. அவர் பிளக்கைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு டெம்போவின் பின்பக்கத்தில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"தம்பி, காருக்கு ஸ்டெப்னி இருக்கு. லாரிக்கு ஸ்டெப்னி இருக்கு. நம்ம லைனுக்கு ஏன்ப்பா இல்ல?"

சொல்லிவிட்டு மீதி வடையைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வடை கிடைக்காமல் போனால் வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தேன். இரண்டு நாளில் முதலாளி கூப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் லூர்து அக்கா உட்பட ஊரே "ஸ்டெப்னி சார்" என்றது. கேலி என்று புரிந்தால் மனிதர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடமே ஆலோசனை கேட்டார்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. இன்றைக்கு வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தொழில் எப்படி நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கேபிள் டிவிக்காரராக இருந்த எங்கள் முதலாளி ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து இணைப்பை வாங்கி, அதை மாடிக்கு மாடி ஒயர் இழுத்துத் தெருவுக்கு விற்றார். ஒயர் தென்னை மரத்தில் ஏறும், சர்ச் சுவரை ஒட்டிப் போகும், யார் வீட்டு ஆன்டெனாவையாவது கட்டிக்கொண்டு தாண்டும். சில மாடிகளில் ஒரு டப்பா. அந்த டப்பாவுக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த வீடு தர வேண்டும். பதிலுக்கு அந்த வீட்டுக்கு இன்டர்நெட் இலவசம். பேட்டரி வைத்துப் பார்த்தோம், வெயிலில் பூரி மாதிரி உப்பியது. ஆகவே எங்கள் கம்பெனியின் உயிர் லிங்கராஜபுரத்துச் சமையலறைகளின் கையில் இருந்தது.

நான் அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்து, லினக்ஸ் சிடியோடு உலகத்தைத் திருத்த வந்திருந்தேன். ஸ்டெப்னி அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் மைசூர் அரசாங்க உத்தியோகம். இவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பதில் சொல்வார்.

வடைக்குப் பிறகு மனிதர் முற்றிலும் கைமீறிப் போனார். இரண்டு கையிலும் வாட்ச். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். மணி என்ன சார் என்றால் இரண்டையும் பார்த்துக் கூட்டி, பாதியாக்கிச் சொல்வார். ஸ்கூட்டரில் இரண்டு ஹெல்மெட், தலை ஒன்று. ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கொக்கியில் மாட்டியிருப்பார். அதைப் பார்த்துப் பின்னால் ஏறிக்கொள்ள லிஃப்ட் கேட்டவர்களுக்கு, "அது ஆளுக்கு இல்லப்பா, ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட்டு" என்று விளக்கம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு டிபன் பாக்ஸ். இரண்டிலும் தயிர் சாதம். ஒரு மே மாதம் முதல் பாக்ஸைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். நம்பிக்கையோடு இரண்டாவதைத் திறந்தார். முகர்ந்தார்.

"ரெண்டும் ஒரே பானையிலருந்துதானே சார் வந்துச்சு" என்றேன்.

நெடுநேரம் யோசித்தார். அறிவு வரப்போகிறது என்று நானும் காத்திருந்தேன்.

"நாளைலருந்து மூணு கொண்டாரேன்" என்றார்.

இந்தத் தயிர் சாதத்தை மறந்துவிடாதீர்கள். அவருடைய இன்ஜினியரிங் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

லைனுக்கு ஸ்டெப்னி போடும் படலம் ஆரம்பமானது. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு வழி: மெயின் வழி ஒரு வீட்டு மாடியில், ஸ்டெப்னி வழி அடுத்த தெருவில் இன்னொரு வீட்டு மாடியில். ஒன்று செத்தால் மற்றது எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை பழுதில்லை, புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. செத்தது எது என்று பார்த்துத் தானாகவே மாற்றிவிடும் ஒரு சின்ன புரோகிராமை நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பெருமையாகக் காட்டினேன்.

"நல்லா இருக்குப்பா. இன்னொரு கம்ப்யூட்டர்லயும் போட்டுடு" என்றார்.

வேண்டாம் சார், ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று தலையால் தண்ணீர் குடித்தேன். கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போனதும் அவரே காப்பி செய்து இரண்டாவது கம்ப்யூட்டரில் மெயினையும் ஸ்டெப்னியையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். மறுநாள் காலை ஒரு கம்ப்யூட்டர் லைனை அந்தப் பக்கம் மாற்றியது. இன்னொன்று, யாரடா என்னைக் கேட்காமல் மாற்றியது என்று இந்தப் பக்கம் மாற்றியது. லிங்கராஜபுரத்து இன்டர்நெட் மத்தியானம் வரை ஊஞ்சல் ஆடியது. இரண்டு வழியும் நன்றாக இருந்தும் ஒருவருக்கும் லைன் இல்லாத அதிசயத்தை அன்றுதான் கண்டேன்.

அதைவிடக் கொடுமை செவ்வாய்க்கிழமை. ஸ்டெப்னி வழி வேலை செய்கிறதா என்று பார்க்க, வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலையில், நட்ட நடுக் கூட்ட நேரத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெயின் ஒயரைத் தன் கையாலேயே உருவுவார். பாதி வாரம் ஸ்டெப்னி எடுத்துக்கொள்ளும். பாதி வாரம் எடுத்துக்கொள்ளாது. பரீட்சை ரிசல்ட் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்ளவில்லை. பாஷா பாய் படியேறி வந்தார்.

"என்னா சாப் இது. நம்ம கஃபேல புள்ளைங்க அழுதுக்கினு இருக்குது. ஃபெயிலுன்னு அழுவல. பாஸா ஃபெயிலான்னு தெரியலன்னு அழுவுது. நல்லா ஓடற லைனை ஏன் புடுங்கறீங்க?"

"கெட்டுப்போனா ஓடுதான்னு பாக்கத்தான் பாய்."

"கெட்டுப்போறப்ப பாருங்களேன் சாப். அதுக்குன்னு ஏன் தினம் கெடுக்கறீங்க?"

"தினம் இல்ல பாய், செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று பொறுமையாகத் திருத்தினார் ஸ்டெப்னி.

அந்த வருஷம் எங்கள் லைன் எத்தனை முறை போயிற்று என்று கணக்கெடுத்தால், மழை, காக்கை, கிரைண்டர் மூன்றும் சேர்ந்து செய்ததைவிடப் பாதுகாப்பு ஏற்பாட்டால் போனதுதான் அதிகமாக இருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி கன்னடத்தில் பெருமூச்சு விட்டார்.

எனக்குக் குறிப்பாக வயிறெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கஸ்டமரிடம் போனாலும் என் தோளில் கையைப் போட்டு, "இவன் என் ஸ்டெப்னி" என்று அறிமுகப்படுத்துவார். நான் இன்ஜினியர். முதல் வகுப்பு. அந்த மனிதருக்குத் தெரியாத பாதி விஷயம் எனக்குத் தெரியும். என்னை டெம்போவின் முதுகில் தொங்கும் சக்கரமாக்கி ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டெப்னி வீடுகளை அவர் பொறுக்கிய முறை தனிக்கதை. டிரான்ஸ்ஃபார்மர் வேறா என்று பார்த்தார், சரி. தெரு வேறா என்று பார்த்தார், சரி. அதற்குமேல் ஒரு சட்டம் வைத்தார்: பக்தியுள்ள வீடாக இருக்க வேண்டும். சாமி கும்பிடுகிறவர்கள் வாக்குக் கொடுத்தால் பிளக்கைப் பிடுங்க மாட்டார்களாம். லிங்கராஜபுரத்தில் பக்தி எங்கே மொத்தமாகக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு, வாரந்தோறும் அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபமாலை சொல்லும் கூட்டத்துக்கு நெற்றி நிறைய விபூதியோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று, அம்மாமார்களே, தயவுசெய்து பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். ஸ்டெப்னி வழிக்கு அங்கேயே ஆள் கிடைத்தது: ஆரோக்கியம் அக்கா. லூர்து அக்காவும் அவரும் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார்கள். உயிரே போனாலும் அந்தப் பிளக்கைத் தொட மாட்டோம்.

அதோடு நிற்கவில்லை. அவசரத்துக்கு வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால்? சாவிக்கும் ஸ்டெப்னி வேண்டும் என்றார். அக்காக்கள் இருவரும் மாற்றுச் சாவி செய்தார்கள். அதை ஆபீசில் தர யோசித்தார்கள். அன்னிய ஆண்கள் கையில் வீட்டுச் சாவியா? அதுவும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். லூர்து அக்காவின் மாற்றுச் சாவி ஆரோக்கியம் அக்காவிடம். ஆரோக்கியம் அக்காவினுடையது லூர்து அக்காவிடம். எப்படி என் மூளை என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

இப்போது ஸ்டெல்லா மேடம். பாஷா பாய் கடைக்குப் பின்தெருவில், ஒரு வீட்டின் முதல் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிப் பதிவு செய்வதை, இங்கே விவேக் நகரிலிருந்தும் லிங்கராஜபுரத்திலிருந்தும் வரும் பெண்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள், அதாவது அங்கே ஆஸ்பத்திரி திறக்கிற நேரத்துக்குள், எல்லாம் போய்ச் சேர வேண்டும். எங்கள் புண்ணியத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகியிருந்தது. ஒரு நாள் அவரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இன்னொரு வாட்டி லேட்டானா வேற ஊருக்குக் குடுத்துடறோம்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஆபீஸ் இல்ல, என் பொண்ணுங்களுக்கு வேலை இல்ல. நீங்க சாரி மேடம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க."

ஸ்டெப்னி எழுந்து நின்றார். "மேடம், உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. வேற தெரு, வேற டிரான்ஸ்ஃபார்மர், வேற வீடு. ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா நான் இந்த வேலைய விட்டுடறேன்."

"நீங்க வேலைய விட்டா எனக்கு என்ன சார் லாபம்?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஸ்டெல்லா மேடம். அந்தப் பெண்மணியிடம் எனக்கு மரியாதை பிறந்தது அந்தக் கணத்தில்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. அவர் மேஜையில் டெலிபோன் இருக்கிறது. ஒரு பழைய மோடமை வைத்துவிட்டால், எங்கள் ஒயரே இல்லாமல் போன் வழியாக இன்டர்நெட்டுக்குப் போய்விடலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் எந்தச் சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டெப்னி சிரித்தார். அதில் அனுப்புவதற்கு அமெரிக்காவுக்கு நடந்தே போய்க் கொடுத்துவிடலாம் என்றார். நான் அவரைக் கேட்காமல் கொண்டுபோய் வைத்தேன். மறுமுறை போனபோது அதன்மேல் ஒரு பூந்தொட்டி இருந்தது.

செப்டம்பர் பிறந்தது. லிங்கராஜபுரத்தில் செப்டம்பர் பிறந்தால் என்ன நடக்கும் என்று அங்கே ஒரு நாய்க்குட்டியைக் கேட்டாலும் சொல்லும். எங்களுக்குச் சொல்ல நாய்க்குட்டி இல்லை.

வேலை நாள், மத்தியானம். என் திரையில் மெயின் சிவப்பானது. ஸ்டெப்னி எடுத்துக்கொண்டது. அவர் நாற்காலியில் சாய்ந்து, பார்த்தாயா என்று புருவத்தைத் தூக்கினார். புருவம் இறங்குவதற்குள் ஸ்டெப்னியும் சிவப்பானது. இரண்டு வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ அவற்றில் ஒன்று மறுத்துச் சொல்லும் என்பது போல.

லூர்து அக்கா வீட்டுக்கு ஓடினோம். பூட்டு. பக்கத்து வீட்டு ஆயா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாதா திருவிழாக்கு வேளாங்கண்ணி போறாங்க. ஜெபக் கூட்டத்துல எல்லாருமா ஒரே பஸ்ஸு பேசிக்கினாங்க. இப்பத்தான் கெளம்பிச்சு."

"ஆரோக்கியம் அக்காவுமா?"

"அவங்கதான் பஸ்ஸு பேசினதே. முன் சீட்டு."

வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டுமுன் என்ன செய்வார்கள்? மெயின் சுவிட்சை அணைப்பார்கள். இருவரும் அணைத்திருந்தார்கள். பிளக்கைத் தொடவில்லை. மாதா முன்னால் செய்த சத்தியம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வேறு தெரு, வேறு டிரான்ஸ்ஃபார்மர், வேறு வீடு. பஸ் மட்டும் ஒன்று.

"மாத்துச் சாவி" என்றார் ஸ்டெப்னி, சட்டென்று உயிர் வந்தவராக.

அது யாரிடம் சார் என்றேன். அவரே ஒரு விரலை இந்தத் தெருப் பக்கம் நீட்டினார், இன்னொரு விரலை அந்தத் தெருப் பக்கம் நீட்டினார், பிறகு இரண்டு விரலையும் மெதுவாக ஓசூர் ரோடு இருக்கும் திசைக்குத் திருப்பினார்.

மாடிக்கு ஏற வேறு வழி பார்த்தோம். ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கால் வைத்தால் நேரே ஆயாவின் அவரைக்காயில்தான் இறங்குவோம். ஆயா கத்தியை நிறுத்தி எங்களைப் பார்த்ததில் அந்த யோசனையையும் கைவிட்டோம்.

"தயிர் சாதம் சார்" என்றேன். எனக்கு அப்போது இரக்கமே இல்லை.

அவர் ஸ்கூட்டர் பக்கம் நடந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன் என்றார். டப்பா ஸ்கூட்டரில், வேளாங்கண்ணி போகிற பஸ்ஸை. கிளம்பிய பிறகு பத்தடி தள்ளி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"நான் வரலன்னா நீ இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். பைத்தியத்தின் பேச்சு என்று நினைத்துக்கொண்டு ஸ்டெல்லா மேடத்தின் ஆபீசுக்கு ஓடினேன்.

பூந்தொட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். மோடம் ஒரு பாட்டம் கீச்சிட்டுக் கனைத்து இணைந்தது. ஒவ்வொரு ஃபைலாக அனுப்ப ஆரம்பித்தேன். பெண்கள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஸ்டெல்லா மேடம் ஒரு கையில் ஜெபமாலை, பார்வை சுவர்க் கடிகாரத்தில். அந்த வருஷம் அவரும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்க வேண்டியவர். இந்த வேலைக்காக நின்றுவிட்டார்.

"எல்லாரும் ஒரே பஸ்ஸுல போறது உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியுமே. நீங்க யாரும் கேக்கலயே."

பாதி போயிருக்கும். பின் அறையில் யாரோ டீ சொல்ல எக்ஸ்டென்ஷன் போனை எடுத்தார்கள். இணைப்பு அறுந்தது. மறுபடி கீச்சல், மறுபடி கனைப்பு. ஸ்டெல்லா மேடம் எழுந்து போய் அந்தப் போனை ஒயரோடு பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் எல்லாம் ஆறு மணிக்குள் போகாது. என் மோடமும் போதாது. அந்த உண்மையை அங்கே நின்ற யாரிடமும் சொல்லாமல் அடுத்த ஃபைலை அனுப்பினேன். ஒரு பெண் மட்டும், மெல்லிய குரலில், மிச்சத்தை நாளைக்கு அனுப்பக் கூடாதா என்று கேட்டாள். மேடம் அவள் தலையைத் தடவினார்.

அந்த நேரத்தில் சுவரோரம் இருந்த எங்கள் சொந்தக் கருவியில் பச்சை விளக்கு வந்தது.

மோடமைக் கழற்றி ஒயரைச் சொருகினேன். மிச்சமிருந்த அத்தனையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. ஸ்டெல்லா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், பிறகு யார் டீ சொன்னது என்று விசாரிக்க எழுந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெப்னி படியேறி வந்தார். தலையில் ஹெல்மெட், புருவமெல்லாம் செம்மண். கையில் இரண்டு வீட்டுச் சாவிகள். லூர்து அக்கா வீட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, நேரே இங்கே வராமல், ஆரோக்கியம் அக்கா வீட்டுக்கும் போய்த் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு வீடு போதுமே சார்."

"ஒண்ணு வேலை செய்யலன்னா?" என்றார்.

அவர் பஸ்ஸைப் பிடித்த கதையை லூர்து அக்கா திருவிழா முடிந்து மாதா எண்ணெயோடு திரும்பி வந்த பிறகுதான் முழுதாகச் சொன்னார். அத்திபெலே செக்போஸ்ட் பக்கத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சர். மாற்றலாம் என்று ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தபோது, இரண்டு ஹெல்மெட்டோடு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றிருக்கிறது.

"சாவியக் குடுன்னு கேட்டாரு, குடுத்தோம். வாங்கிக்கினு போவ வேண்டியதுதானே? போவல. டிரைவராண்ட போயி, ஸ்டெப்னிய எப்பப்பா கடைசியா பாத்தே, செவ்வாய்க்கெழமைதோறும் எறக்கிப் பாக்க வேணாமா, ஸ்டெப்னி கெட்டுப்போனா அது ஸ்டெப்னியான்னு ஒரே திட்டு. நாங்கதான் புடிச்சுத் தள்ளி வண்டில ஏத்தி அனுப்பினோம். டிரைவரு யாரும்மா இந்த ஆளுன்னு கேட்டாரு. எங்க இன்டர்நெட்டு சாருன்னு சொன்னேன்."

அங்கே ஒரு அலுவலகத்துப் பிழைப்பே ஆறு மணிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்க, இந்த மனிதர் செக்போஸ்ட்டில் சொற்பொழிவு. ஊரார் ஸ்டெப்னியில் காற்றில்லாததால்தான் தன்னால் அந்தப் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். இரண்டும் ஒன்றாகப் போனால் வேலையை விடுகிறேன் என்று சொன்னவர் அல்லவா. முதலாளி வாங்கிக் கிழித்துப் போட்டார். ஸ்டெப்னி சட்டைப்பையிலிருந்து இன்னொரு காப்பியை எடுத்து நீட்டினார். அதையும் கிழித்து, மூன்றாவது இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி அவரைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

வேலையைப் பார்த்தார். எப்படி என்கிறீர்கள்? ஒரு தினசரி காலண்டரைக் கிழித்து மேஜை முழுக்கப் பரப்பினார். யார் எப்போது வீட்டைப் பூட்டுவார்கள் என்பதுதான் கேள்வியாம். அதன்பின் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு கதவையும் தட்டி, "நீங்க எந்த சாமி? எப்ப ஊருக்குப் போவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டு வீட்டில் மதம் மாற்ற வந்தவர் என்று விரட்டினார்கள். ஒரு வீட்டில் வேவு பார்க்க வந்த திருடன் என்று பிடித்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் நிதானமாக டீ குடித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் கடைசியில் ஏற்பாடு செய்துவிட்டார்: மெயின் வேளாங்கண்ணிக்குப் போகிற வீடு என்றால், ஸ்டெப்னி சபரிமலைக்குப் போகிற வீடு. பாஷா பாய் மாடி என்றால், பக்கத்துத் தெருவில் புத்த விகாரைக்குப் போகிற ஒரு குடும்பத்தின் மாடி. ஒரே பண்டிகைக்கு இரண்டும் பூட்டிக்கொண்டு போகாது. எங்கேயும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த முறையை நான் வாய்விட்டுச் சிரித்துக் கேலி செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் தெருக்களில் இரண்டு வழியும் ஒன்றாகச் செத்தது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான்.

இதெல்லாம் நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கிவிட்டது. ஒயர்களை அறுத்துச் சுருட்டி எடைக்குப் போட்டார்கள். நான் கண்ணாடி அறைகளுக்குள் குளிர்ந்த காற்றில் வேலை பார்த்தேன். அங்கே எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமையும் யாரும் எதையும் பிடுங்கிப் பார்த்ததில்லை. எது எப்போது கைவிடும் என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் போட்டு நம்பிக்கை தெரிவிப்பார்கள். அதைச் சகிக்க முடியாமல் போன மாதம் வேலையை விட்டேன்.

நண்பன் ஒருவனோடு சேர்ந்து அல்சூரில் சொந்தமாக ஒரு சின்ன நெட்வொர்க் போடுகிறேன். ஏரிக்கரைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு ஆன்டெனா, கோயில் தெருவிலிருந்து ஒரு ஒயர். ஒன்று காற்றில், ஒன்று மண்ணில். தயிர் சாதத்துக்கு இடமே கொடுக்கவில்லை. முதல் கஸ்டமர் ஸ்டெல்லா மேடம், இப்போது இரண்டு மாடி எடுத்துப் பெரிதாக நடத்துகிறார். பழைய மோடமைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார், பூந்தொட்டி இல்லாமல்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை, கூட்ட நேரத்தில், மெயினை நானே பிடுங்கப் போகிறேன். ஸ்டெப்னி எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஏரிக்கரை மாடியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஒருவரைக் கேட்டு வைத்திருக்கிறேன். வீடு பக்கத்துத் தெருதான், இருந்தாலும் ஸ்கூட்டரில் வருவாராம், இரண்டு ஹெல்மெட்டோடு. முதல் நாளே நச்சரிப்பு தொடங்கிவிட்டது: ஆன்டெனாவுக்கு ஆன்டெனா எங்கே என்று போனில் கேட்டார். வைத்துவிட்டு, சரியாகக் கேட்டதா என்று மறுபடி ஒரு முறை போன் செய்து அதையே கேட்டார்.

என் நண்பன் அவரைப் பார்த்ததில்லை. யார்டா இந்த ஆள் என்று நிச்சயம் கேட்பான். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவர் தோளில் கையைப் போட்டுச் சொல்லப் போகிறேன்: "இவர்தான் மெயின். நான் ஸ்டெப்னி."